இலுப்பையடி அம்மனின் நாமம்

சமயபுரம் போய்வந்த மருமகள் இன்று காலை ஒரு காகித மடிப்பைப் பிரித்து நீட்டினாள். குங்குமத்தோடு ஓர் இலுப்பைப் பூவும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. “வழியில ஒரு இலுப்பையடி அம்மன், மாமா. நெத்தியில நாமம் போட்டிருக்காங்க. அம்மனுக்கு நாமம் எங்கயாவது உண்டா?” என்றாள். அந்தப் பூவின் வாசனை மூக்கில் ஏறியதும் போய்ச்சேர்ந்து இத்தனை வருஷம் கழித்து நீ வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாய், சிநேகிதா.

ஐம்பதுகளின் கடைசியில் நாம் இருவரும் ஒரே ஆபீசில் குமாஸ்தாக்கள். நீ உறையூரிலிருந்து கறுப்புச் சட்டையோடு வருவாய். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து நெற்றி நிறைய நாமத்தோடு. நம்மைச் சேர்த்து வைத்தது மரப் பைத்தியம். ஞாயிறானால் கொள்ளிடம் தாண்டி சைக்கிளை மிதிப்போம். கரையில் இரண்டு மருதமரம், பிறகு சாலைப் புளிகள், கடைசியாக வளைவில் அந்தக் கிழட்டு இலுப்பை. மாசியில் அது மொட்டையாக நிற்கும். பங்குனியில் செம்பு நிறத்தில் துளிர்க்கும், விடிகாலையில் பூவாகக் கொட்டும். எல்லாவற்றையும் நீ ஒரு நோட்டில் எழுதுவாய். பூவைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டே என் நாமத்தைக் கிண்டல் செய்வாய். “இந்த வெயில்ல கறுப்பைப் போட்டுக்கிட்டு வேகுறியே, இதுதான் பகுத்தறிவா?” என்று நானும் விடமாட்டேன்.

ஒரு தை மாதம் போனபோது இலுப்பையின் பட்டையைச் செதுக்கித் தாரில் எண் போட்டிருந்தார்கள். சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். உனக்கு முகம் செத்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினாய். “மஞ்சத் துணியைக் கட்டி, குங்குமத்தை வச்சு, சாமின்னு ஆக்கிடு. ஒருத்தனும் தொடமாட்டான். நீ செஞ்சா ஊரு நம்பும்டா.”

“பெருமாளைக் கும்பிடுற கையால பொய்ச் சாமி வைக்க மாட்டேன்.”

“அப்ப மரம் போகட்டுங்கிற?”

நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாய். மூன்று வாரம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தும் நாம் பேசிக்கொள்ளவில்லை.

மாசியில் ஒரு ஞாயிறு மனசு கேட்காமல் தனியே போனேன். வெட்டிய அடிமரத்தைத்தான் பார்க்கப் போகிறோம் என்று நினைத்தேன். இலை கொட்டியிருந்ததால் தூரத்திலேயே மஞ்சள் துணி தெரிந்தது. ஒரு பெண் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். கோடாலிகளோடு நின்ற ஆட்கள் மேஸ்திரியிடம், “நாங்க புள்ளகுட்டிக்காரங்க. கை வைக்க மாட்டோம்ங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். தார் எண்ணை மறைத்து, பாதம் வைத்த தென்கலை நாமம்! இடக்கோடு மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. கண்ணாடி முன் தினமும் எனக்கு அப்படித்தான் விழும்.

மறுநாள் உன் மேசைக்கு வந்தேன். “ஊருக்கே நாமம் போட்டுட்டியேடா” என்றேன். நீ ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அம்மனுக்கு என்ன போடுவாங்கன்னு எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்ச சாமி நெத்தி உன்னோடதுதான்” என்றாய். ஃபைலை மூடிக்கொண்டே, “வெளியில சொல்லிடாதே. எங்க ஆளுங்க சிரிப்பாங்க” என்றாய். நீ போகும் வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. சாலை அந்த இடத்தில் இன்றும் வளைந்துதான் போகிறதாம். நாமத்தையும் வருஷாவருஷம் பழைய கோட்டின் மேலேயே பூசுகிறார்களாம்.

மருமகள் விடவில்லை. “யாரு மாமா அந்த நாமத்தைப் போட்டது?”

“போட்டவனுக்கு வேற நாமம் தெரியாதும்மா” என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். நீ என்னிடம் விட்டுப்போன மர நோட்டை எடுத்து வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் கை நடுங்குகிறது. நாமம் நாளுக்கொரு மாதிரி கோணிக்கொள்கிறது. என் பழைய நெற்றியைப் பார்க்க வேண்டுமானால் நான் அந்த மரத்தடிக்குத்தான் போக வேண்டும்.