மாப்பிள்ளை கடைந்த பைப்

மார்ச் 3, செவ்வாய்

மகள் வந்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அவர் குடுத்துவிட்டாருப்பா. சிகரெட்டுக்குப் பதிலா இதைப் பிடிச்சுப் பாருங்க." உள்ளே ஒரு பைப். மாப்பிள்ளை தன் கையால் கடைந்தது. ஒரே வேர்க்கட்டையிலிருந்து பன்னிரண்டு செய்தாராம். ஒன்று எனக்கு. மீதிப் பதினொன்றும் அடுத்த வெள்ளிக்கிழமை கடைவீதியில் ஒரு பெரிய கடைக்குப் போகின்றன. அவருக்கு அதுதான் முதல் ஆர்டர்.

நான்கு வருடத்துக்கு முன் கல்யாணப் பேச்சில், எல்லார் முன்னாலும், "மரத்தைக் குடைஞ்சா வயிறு நிறையுமா?" என்று கேட்டவன் நான். அன்றிலிருந்து மாப்பிள்ளை எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. மகளைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். நானும் அவர்கள் வீட்டுக்குப் போனதில்லை. அப்படிப்பட்டவர் எனக்கு எதற்குப் பைப் செய்து அனுப்புகிறார்? சமாதானமா, குத்திக்காட்டலா? புரியவில்லை. பைப் அழகாக இருக்கிறது. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் 4, புதன்

பிடித்தேன். நாக்கு வெந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

மூன்றாவது தடவை. பைப்பின் கிண்ணத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை, அப்படியொரு சூடு. தட்டிக் கொட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு பக்கம் மட்டும் கன்னங்கரேலென்று கருகியிருக்கிறது, நடுவில் மயிரிழை போல இரண்டு வெடிப்பு. வெளியேயும் அதே இடத்தில் மெருகு போய்ப் பழுப்பேறிவிட்டது.

வந்து மூன்று நாள்கூட ஆகவில்லையே! நான் என்ன செய்தேன்? எல்லாரையும் போலத்தானே பிடித்தேன்?

மார்ச் 7, சனி

புகையிலைக் கடைக்காரரிடம் காட்டினேன். "கட்டைக்குள்ள ஓட்டை இருந்திருக்கும் சார். மேல மெருகு போட்டுட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். அங்கே உட்கார்ந்திருந்த பழைய கப்பல்காரர் பைப்பை வாங்கிப் பார்த்தார். "மரத்துமேல பழி போடாதீங்க. இவரு ரயில் எஞ்சின் மாதிரி ஊதியிருப்பாரு." இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். பைப்புக்குச் சொந்தக்காரன் ஒருவன் நிற்பதையே மறந்துவிட்டார்கள்.

கடைசியில் கப்பல்காரர் வைத்தியம் சொன்னார். கருகலை மழுங்கிய கத்தியால் சுரண்ட வேண்டும். கீழே மரம் கெட்டியாக இருந்தால் பிழைக்கும், மாவாக உதிர்ந்தால் போச்சு. பிழைத்தால் சுருட்டுச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிட வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

சுரண்டினேன். ஓரத்தில் கெட்டி. நடுவில் உதிர்கிறது. அப்படியென்றால் பிழைக்குமா, போச்சா? கப்பல்காரர் இதைச் சொல்லவில்லையே. எதற்கும் இருக்கட்டும் என்று சாம்பலைப் பூசினேன். "அதுக்கும் தலைவலியா, பத்து போடுறீங்க?" என்றாள் மனைவி.

மார்ச் 9, திங்கள்

சாயத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடமாகக் கொதிகலன் பார்க்கிறேன். என் ஷிஃப்டில் ஒரு தடவைகூட நெருப்பு அணைந்ததில்லை. இன்று அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன், அது எங்கே நிற்கிறது என்று மண்டையில் ஏறவில்லை.

கட்டையில்தான் கோளாறு என்றால் மீதிப் பதினொன்றும் அதே கட்டை. கடைக்குப் போய், வாங்கினவன் கையிலெல்லாம் கருகினால், மாப்பிள்ளை பெயர் முதல் மாதமே கெட்டுவிடும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். ஆனால் 'உங்க கட்டை சரியில்லை' என்று நான் போய்ச் சொன்னால்? இந்த ஆளுக்கு இன்னும் வயித்தெரிச்சல் அடங்கலை என்றுதானே தோன்றும்? மகளுக்கே தோன்றும். சரி, தப்பு என்னுடையது என்றால்? ஒன்றுமில்லாததற்கு அவர் வயிற்றில் புளியைக் கரைத்ததாகிவிடும்.

மார்ச் 10, செவ்வாய்

சொல்ல வேண்டாம்.

மார்ச் 11, புதன்

சொல்லணும்.

மகள் போனில், "பைப் எப்படிப்பா இருக்கு? அவர் கேக்கச் சொன்னாரு" என்றாள். "பிரமாதம்" என்று சொல்லித் தொலைத்தேன். ஏன் சொன்னேன்? வாய் தானா சொல்லிருச்சு. ச்சே, நானெல்லாம் என்ன மனுஷன்! அந்த மாப்பிள்ளைப் புள்ள ஒரு வருஷம் அந்தக் கட்டையக் காயவெச்சுக் காத்திருந்துச்சாம்...

மார்ச் 12, வியாழன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு மாப்பிள்ளையின் பட்டறைக்குப் போனேன். வீட்டின் முன்னறையேதான் பட்டறை. ஜன்னலோரம் பதினொன்றும் வரிசையாக இருந்தன, பாதி துணியில் சுற்றியாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். 'வாங்க' வரவில்லை. பைப்பை நீட்டினேன்.

உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. திரும்பி அந்தப் பதினொன்றையும் பார்த்தார்.

"கட்டையா, நானான்னு தெரியல மாப்பிள்ளை. ஒரு வாரமா மண்டை காயுது. நாளைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க பாத்துடணும்."

"எப்படிப் பிடிச்சீங்கன்னு காட்டுங்க மாமா" என்று தன்னுடைய பைப் ஒன்றை நிரப்பிக் கொடுத்தார். பிடித்துக் காட்டினேன். கனல் மங்கினால் ஓர் இழுப்பு. இன்னும் மங்கினால் சேர்ந்தாற்போல் நாலு இழுப்பு. அதற்கும் மசியாவிட்டால் லைட்டர்.

"ஏன் மாமா விடாம இழுக்கிறீங்க?"

"இல்லன்னா அணைஞ்சிடுமே!"

"அணையட்டும் மாமா! ஆறவிட்டு மறுபடி பத்தவைக்கலாம். இது என்ன கொதிகலனா?"

உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நெருப்பை அணையவிட்டால் சம்பளமே போய்விடும் என்று பழகிய கை, பழகிய வாய். இருந்தாலும் மனம் ஆறவில்லை. என் கவலை தீரட்டும் என்று சொல்கிறாரோ? "அறுத்துப் பாத்துடுங்க" என்றேன்.

"இது உங்களுக்குன்னு செஞ்சது மாமா."

"அதனாலதான் சொல்றேன். அறுங்க."

அறுத்தார். இரண்டு பாதியையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தோம். கருகலைத் தாண்டி மரத்துக்குள் ஓட்டை இல்லை. பிளவு இல்லை. வைரம் பாய்ந்த மரம். நான்தான் கொளுத்தியிருக்கிறேன்.

தப்பு தன்னுடையது என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் வேறு யாராவது உண்டா? மாப்பிள்ளை ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

பதினொன்றும் போய்ச் சேர்ந்துவிட்டனவாம்.

மார்ச் 22, ஞாயிறு

பட்டறைக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை எனக்கு இன்னொன்று கடைந்திருக்கிறார். ஆனால் வீட்டுக்குக் கொடுத்துவிட மாட்டாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்கு வந்து அவர் கண் முன்னால்தான் பிடிக்க வேண்டும், கை பழகும் வரை. "எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டேன். "உங்க இழுப்புக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும் மாமா" என்றார், சிரிக்காமல். "சாப்பிட்டுட்டுதான்பா போகணும்" என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

வீடு திரும்பும்போது ஒரு யோசனை வந்தது. பழகிவிட்டால் அப்புறம் என்ன சாக்கில் அங்கே போவது? கொஞ்சம் மெதுவாகவே பழக வேண்டும்.