ஆளை நடுவில் வைக்க வேண்டும்

அன்பு மகள் யோன்ஜுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால்தான் மழைக்கு முன்னாலேயே செய்தி சொல்லிவிடுகிறது. ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளை டேரனும் சுகம்தானே? அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

இரண்டு மாதமாக நீ கூப்பிட்டும் நான் போனை எடுக்காததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். புத்தாண்டன்று வீடியோவில் என்னிடம் பேசி முடித்ததும் அணைக்க மறந்துவிட்டாய். அப்புறம் மாப்பிள்ளையிடம் ஆங்கிலத்தில் நீ சொன்னதில் 'டாட்', 'ஃபிக்ஸ் அப்' என்ற இரண்டு மட்டும் என் காதில் விழுந்தன. நாற்பது வருடம் படகு இஞ்சினோடு கிடந்தவனுக்கு ஃபிக்ஸ் தெரியாதா? அப்பன் பழுதாகிவிட்டான், எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை. அந்த வீம்பில்தான் நூலகத்தில் முதியோர் ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். போன செவ்வாய் துறைமுகம் முழுக்கப் பனிமூட்டம், ஜன்னலுக்கு வெளியே படகுகள் வானத்தில் மிதப்பது போலிருந்தது. டீச்சர் பலகையில் அதே சொல்லை எழுதினாள். "பொருளை ஃபிக்ஸ் அப் பண்ணினா ரிப்பேர். ஆளை ஃபிக்ஸ் அப் பண்ணினா, ஜோடி சேர ஒருத்தரை அறிமுகம் பண்ணி வைக்கிறது. 'ஃபிக்ஸ்', 'அப்' ரெண்டுக்கும் நடுவுல ஆளை வைங்க, யாரோடன்னு சொல்ல 'வித்' போடுங்க" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நெத்திலிக் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் பில்-ரே அம்மா பக்கத்தில்தான் உட்காருவாள். "என்னங்க, வாக்கியம் அவ்வளவு கஷ்டமாவா இருக்கு?" என்றாள். வகுப்பு முடிந்து நடக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். "அட கூறுகெட்ட மனுஷா, பொண்ணு உங்களுக்குத் துணை தேடினா நீங்க ஆஸ்பத்திரி தேடுறான்னு நெனச்சீங்களா!" என்று சிரித்தாள். பனியில் அவள் முகம் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் பக்கத்தில் நடந்து வந்தது. எங்கோ ஒரு கப்பல் ஊதியது. எவ்வளவு தூரம் போனோம் என்று தெரியாது, நின்றபோது மீன் சூப் கடை வாசலில் இருந்தோம். மாசிபத்திரி இளந்தளிர் போட்ட சூப். இரண்டு கிண்ணம் குடித்தேன் மகளே.

அதனால் நீ யாரையும் தேட வேண்டாம். இது என்ன உறவு என்று எனக்கும் தெரியாது, அவளும் கேட்கவில்லை. ஞாயிறு காலைப் படகில் தீவுக்குப் போய்க் கமேலியாச் செம்பூ பார்த்து வரலாம் என்கிறாள். உன் அம்மா இருந்தால் என்ன சொல்வாள் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், அவள் முகம் மட்டும் வருகிறது, கோபம் இல்லாமல். நீயும் சரி என்று சொல்லிவிடு, போய் வருகிறேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். கடற்பாசி அனுப்பியிருக்கிறேன், ஈரம் படாமல் வை.

உன் அப்பா,
மா ஹக்-சு,
தோங்யோங்