ஈயக் குண்டு சேர்த்து ஐம்பது கிலோ

மே 5, செவ்வாய்
காலையிலிருந்து புழுக்கம். கறுத்துக்கொண்டு வந்த மழை தெப்ராவ் பக்கம் போய்விட்டது.

புற்றுநோய் என்று வயிற்றை அறுத்து எடுத்து இன்றோடு பதினோரு வாரம். தினம் ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. இன்று: அவித்த முட்டை ஒன்று. ஹாருவான் மீன் சூப் அரைக் கிண்ணம். கஞ்சி நாலு கரண்டி. பப்பாளி இரண்டு துண்டு தின்றதும் வியர்த்துக் கொட்டியது, படபடப்பு. அரை மணி நேரம் படுக்கை.

சட்டை மாற்றும்போது கண்ணாடியில் அண்ணன். அவரேதான். அந்தத் தோள் எலும்பு, அந்தக் கழுத்துக் குழி. அவருக்கும் இதே வியாதி. பெக்கோக் ஊர் வீட்டில் நாற்பத்திரண்டு கிலோவில் போய்ச் சேர்ந்தார். கண்ணாடி மேல் துண்டைப் போட்டேன். வீட்டுக்காரி சரோ கேட்டால் காயப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மே 7, வியாழன்
வெயில். எடை பார்க்கும் நாள்.
நான் தனியாக ஏறிப் பார்த்தது: 47.6
சரோ நோட்டில் எழுதியது: 50.1

மீதி, தூண்டில் பெட்டியில் கிடந்த ஈயக் குண்டுகள். இரண்டு பாக்கெட்டிலும். பேண்ட் இறங்காமல் இருக்க பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. ஒரு மாதமாக இந்தத் திருட்டு வேலை. முதல் கீமோவுக்குப் போனபோதும் இப்படித்தான். அதற்கு முன் ஒரு நாள் 49 காட்டியது. அன்று சரோ பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். என்னால் அதை இன்னொரு தடவை கேட்க முடியாது.

"ஐம்பதுலயே நிக்குது பாத்தீங்களா! சூப்பு வேல செய்யுதுங்க."

சிரித்தாள். நானும் இளித்து வைத்தேன். கேவலமாக இருந்தது.

மே 9, சனி
மதியம் மழை. உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது. நாற்காலியில் தலையணை.

இருபத்திரண்டு வருஷம் கண்டெய்னரில் பெட்டி இறக்கிய கை. இன்று கிச்சாப் போத்தல் மூடி திறக்கவில்லை.

மதியத் தூக்கத்தில் அண்ணன் வந்தார். என் மணிக்கட்டை விரல்களால் வளைத்துப் பார்த்தார். பயம். எழுந்த பிறகும் பயம்.

மே 12, செவ்வாய்
ஜேபி ஆஸ்பத்திரி. இரண்டாவது கீமோவுக்குப் போன நாள். எடை: 50.0 (இன்னும் நாலு குண்டு கூட்டி).

சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண், நம்ம தமிழ்ப் பிள்ளை. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழச் சொன்னது. இரண்டோடு நின்றுவிட்டேன்.

"அங்கிள், எடை ஐம்பது காட்டுது. ஆனா கால பாத்தா அப்படித் தெரியலயே லா. சதை கரையுது. சதை இல்லன்னா ஒடம்பு கீமோவ தாங்காது."

"எடைக்கும் கீமோவுக்கும் என்னம்மா?"

"எடைய வச்சுத்தான மருந்தோட அளவ கணக்குப் போடுவாங்க."

முதல் கீமோவுக்குப் பிறகு ஒன்பது நாள் வாயெல்லாம் புண், எழ முடியாமல் கிடந்தது, ஈயத்துக்கும் சேர்த்து மருந்து ஏற்றியதாலா?

பக்கத்திலிருந்து சரோ, "எடுத்து வெளிய வைங்க."

"எத?"

"பாக்கெட்டுல உள்ளத. துணி தொவைக்கிறவ நான். பாக்கெட்டு அடி கிழிஞ்சி போயிருக்கு."

குண்டுகளை மேசையில் வைத்தேன். மறுபடி ஏறினேன். 47.1. டாக்டர் கீமோவை ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

பஸ்ஸில் கேட்டேன், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று.

"எனக்கும் ஐம்பதுன்னு எழுதணும்போல இருந்துச்சுங்க."



மே 14, வியாழன்
மந்தாரம். வெறும் கைலியோடு ஏறினேன். 46.8. சரோ எழுதினாள்.

நாற்காலியிலிருந்து எழும் பயிற்சி. மூன்றாவதில் பாதி எழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் செத்துவிடுவேனா என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் இன்றுதான் கேட்டேன்.

நோட்டை மூடினாள்.

"தெரியலங்க. முட்ட ஆறுது, சாப்பிடுங்க."

பாதி சாப்பிட்டேன்.