இருபத்திரண்டு மணி நேரம் சுட்ட மண்

12 மார்ச் 2024
ஆரோக்கியராஜ் இறந்துபோய் எட்டு நாள். இன்றுதான் மறுபடி திண்டிவனம் லேபுக்குப் போனேன். ஆய்வில் அவன் எனக்கு ஒரு வருடம் இளையவன். குப்பிகளில் அவன் கையெழுத்து: 'வானூர்க் களிமண் – அலுமினியம் – சிலிக்கா.'

"அந்தத் தம்பி போன மறுநா காலையில பத்து மணிக்கு நான்தாம்மா உலைய ஆஃப் பண்ணேன், அது பாட்டுக்கு எரிஞ்சிக்கினு இருந்திச்சி" என்றார் லேப் உதவியாளர் முத்துசாமி.

13 மார்ச்
யாருக்கும் தெரியாது. ஆரோக்கியராஜ் போன அன்று பகல் பன்னிரண்டுக்கு மண்ணை உலையில் வைத்தவள் நான். மாலை ஆறு மணிக்கு அணைக்க வேண்டியவளும் நான். விழுப்புரம் பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அவனுக்குப் போன் பண்ணினேன். "நீங்க போங்கக்கா, நான் வண்டியத் திருப்பிக்கினு போய் அணைச்சிடறேன்." அவனுக்கு மயிலத்தில் வீடு. கூட்டேரிப்பட்டு வரை போயிருந்தவன். திரும்பும் வழியில் – லாரி.

20 மார்ச்
அந்த மண்ணைச் சோதித்தேன். தண்ணீரிலிருந்த, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கைப் பிடித்துவிட்டது. ஆறு மணி நேரம் சுட்டதில் அறுபதைத் தாண்டியதே இல்லை. துளைகளை அடைத்திருந்த கரி முழுக்க எரிந்திருக்கிறது. இரண்டு வருடமாக இதற்குத்தானே தவித்தோம்? எண்ணை எழுதாமல் நோட்டை மூடினேன்.

27 மார்ச்
அவன் ஹெல்மெட்டோடு என் பின்னால் நிற்கிறான். திரும்பினால் அலமாரி.

5 ஏப்ரல்
ஆய்வு வழிகாட்டி ராஜாமணி சார் கேட்டார்: "ஏன் இருபத்திரண்டு மணி நேரம்? கட்டுரையில காரணம் எழுதணுமே."

"ஒப்பிட்டுப் பார்க்கத்தான் சார்" என்றேன். என் வாயா அது?

9 ஏப்ரல்
அவன் அம்மா இருதயமேரி அவனுடைய பொருள்களை வாங்க வந்தார். சித்தாள் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். "வூட்டுக்கு வந்துக்கினு இருந்த புள்ள ஏம்மா திரும்பிப் போனான்? மீன் வாங்கியாரலன்னு போன்ல திட்டிட்டேன். அதான் கோச்சிக்கினு போய்ட்டானோ?"

தண்ணீர் கொடுத்தேன்.

10 ஏப்ரல்
அந்தம்மா தன் மேலயே பழிய போட்டுக்கினு கெடக்குது. நான் வாய மூடிக்கினு – மனுஷியா நான்?

14 ஏப்ரல், ஞாயிறு
மயிலம் போனேன். அவன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, என் மேல அவனுக்குக் கோவம் இல்லியா?"

"இல்லம்மா."

அப்போதுதான் அழுதார். பிறகு, "எழுந்து போ. இங்க வராத."

16 ஏப்ரல்
சாரிடமும் சொல்லிவிட்டேன். கட்டுரையில் உண்மையை எழுதினோம்: உலை அணைக்கப்படாமல் விடுபட்டது. எழுதியவர்களில் முதல் பெயர் ஆரோக்கியராஜ்.

11 ஜூன்
கூட்டேரிப்பட்டில் நான் வந்த பஸ்ஸில் இருதயமேரி அம்மா ஏறினார். என்னைப் பார்த்தும் பார்க்காதது போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுந்து இடம் கொடுத்தேன். உட்கார்ந்தார். விழுப்புரம் வரை முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பியிருந்தார். என் தோளில் தொங்கிய பையை மட்டும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.