மருமகள் மேல் விழுந்த சந்தேகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று எங்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஒரு வயதான அம்மாளும் அவர் மகனும் தலைவலி, வாந்தியோடு வந்தார்கள்.

"மருமக சோத்துல என்னமோ கலந்துட்டா. அவளுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல பாருங்க" என்றார் அந்த அம்மாள். மருமகளும் கூட வந்திருந்தாள். எனக்கும் அவள் மேல்தான் சந்தேகம். விரலில் மாட்டும் கருவியோ இருவருக்கும் ஆக்சிஜன் தொண்ணூற்றொன்பது என்று காட்டியது. ஆனால் மகனால் நிற்கவே முடியவில்லை.

மருமகளைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"நான் காலையிலயே வேலைக்குப் போயிட்டேன் சிஸ்டர். திரும்பி வந்து பாத்தா, குளிருதுன்னு இவங்க ஜன்னலையெல்லாம் சாத்திட்டு கரி அடுப்பு வச்சிருக்காங்க."

எனக்குச் சுருக்கென்றது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் அது ஏறினால் அந்தக் கருவி அதையும் ஆக்சிஜன் என்றே காட்டிவிடும். டாக்டரிடம் ஓடினேன். உடனே முகமூடி மாட்டி முழு ஆக்சிஜன் வைத்தோம். ரத்தப் பரிசோதனையும் கார்பன் மோனாக்சைடு என்றே சொன்னது.

சாயங்காலம் தெளிந்ததும், எல்லாம் கரி அடுப்பால் வந்தது என்று சொன்னேன். அந்த அம்மாள் கேட்டார்: "அந்த அடுப்பப் பத்த வச்சது யாரு?"

"நீங்கதான் அத்தே" என்றாள் மருமகள், அவர் முகமூடியைச் சரிசெய்தபடி.

என் அறையில் அடுப்பே இல்லை, பயப்படாதீர்கள். ஒரு போர்வை மட்டும் அனுப்புங்கள். புதிது வேண்டாம், அம்மா போர்த்திக்கொள்வது போதும். துவைக்காமலே அனுப்பச் சொல்லுங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்