யார் வந்தால் எவ்வளவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், உன் அப்பாவும் இன்றைய தேதிக்கு நலம், அங்கே நீயும் பிள்ளைகளும் நலமென்றே நம்புகிறேன். போனில் சொன்னால் அவர் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

அன்று மாரடைப்பு என்று அவசரப் பிரிவில் சேர்த்து, அடைப்பை எடுத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் ஒரு திரை, அதில் இதயத் துடிப்பு எண்ணாக ஓடும். தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால்தான் நிம்மதி என்றார் டாக்டர். நம் சொந்தங்கள் விடுவார்களா? முதலில் உன் பெரியப்பா போய், இதே மாதிரி வந்து போய்ச் சேர்ந்தவர்களை ஒருவர் விடாமல் ஒப்பித்தார். நூற்றுப் பத்து. அத்தை காலைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள், ஆள் உயிரோடிருப்பதை யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம். நூற்றுப் பதினாறு. நீ மட்டும் லேசுப்பட்டவளா, வீடியோவில் வந்து ஏன் நடக்கவில்லை, ஏன் மாத்திரை போடவில்லை என்று வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை செய்தாய், நர்ஸ் போனையே பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே நின்று இந்தக் கூத்தைப் பார்த்த எனக்கு ஒரே இளக்காரம். நான் போனால் பாருங்கள் என்று உள்ளே போனேன். போர்வையைச் சரிசெய்து, அப்போதே சொன்னேனே கேட்டீர்களா என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். நூற்றிருபத்து நான்கு. நர்ஸ் என் தோளைத் தொட்டு, நீங்களும் வெளியே இருங்கம்மா என்றாள். நீங்களும் என்றாள், கேட்டாயா. முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவள் நான்.

கடைசியில் யாரை இருக்க விட்டார்கள் தெரியுமா? அவருடைய கேரம் கூட்டாளி தச்சரை, வீட்டுப் பக்கமே வரக்கூடாதென்று நான் விரட்டி வைத்திருந்த அந்த ஊமைக்கோட்டானை. மனுஷன் வாயே திறக்கவில்லை. நாற்காலி ஆடுகிறதென்று காகிதத்தை மடித்து அதன் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அரைமணியில் எண்பத்தெட்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில் என் துடிப்பு எவ்வளவோ, அதை யார் பார்த்தார்கள். பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். விரலில் மாட்டித் துடிப்பைப் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். தச்சர் தினமும் வருகிறார், கூப்பிட்டது நான்தான், டீயும் கொடுக்கிறேன். நீ பேசும்போது மழையைப் பற்றிப் பேசு, மாத்திரையைப் பற்றி மூச்சு விடாதே, இதை மறக்காதே. நேற்று நானும் வாயை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் அரைமணி உட்கார்ந்தேன். அவர் மிரண்டுபோய், "என்னாச்சு, டாக்டர் ஏதாவது சொன்னாரா?" என்றார். தொண்ணூற்றாறு.

இன்றும் உட்காரப் போகிறேன். நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள்.

இப்படிக்கு,
வாயை மூடப் பழகிக்கொண்டிருக்கும் உன் அம்மா