மஞ்சள் பலகை இருந்த குடா

இன்று காலை அலுமாரியைத் திறந்து உமது நீலக் கொப்பியை எடுத்தேன். அட்டையில் உப்பு வெள்ளையாய்ப் பூத்திருக்கிறது. மூக்கருகே பிடித்தால் டீசலும் வெயிலில் காய்ந்த கயிறும் மணக்கின்றன. நீர் இறந்த எட்டாம் நாள், உமது எட்டுச் செலவன்று, உமது மகள் தந்தது. "அப்பா இதை உங்களிட்டத்தான் குடுக்கச் சொன்னவர், மாமா," என்றாள். எழுத்துத் தெரியாதவனுக்குக் கொப்பியை விட்டுப்போக உம்மால்தான் முடியும்.

இப்போது எனக்கு எழுத்துத் தெரியும், காணும். நூலகத்தில் முதியோர் தமிழ் வகுப்புக்குப் போகிறேன். இந்த மடலையும் நானே எழுதுகிறேன். தேநீர் இரண்டு முறை ஆறிவிட்டது. பரவாயில்லை.

ரெய்னர்ஸ் லேன் தேநீர்க்கடையில் நீர் எங்கள் நால்வருக்கும் அந்தப் படகின் படத்தைக் காட்டிய நாள் நினைவிருக்கிறது. முப்பது வருடம் லண்டனில் பஸ் ஓட்டி ஓய்ந்தவர், பாய்க்கப்பல் ஓட்டப் படித்துச் சான்றிதழும் வாங்கி வைத்திருந்தீர். கிரேக்கத்தில் ஒரு கிழமைக்குப் படகை வாடகைக்கு எடுக்கலாம் என்றீர். "வெள்ளைக்காரனும் கட்டுமரம் எண்டுதான் சொல்லுறான். ஆனா உள்ளுக்கை நாலு அறை இருக்கு." எல்லோரும் அறைகளைப் பார்த்தார்கள். நான் படத்திலிருந்த தண்ணீரைப் பார்த்தேன். எட்டு வயதில் கடலுக்குப் போனவன், இங்கே வந்த பிறகு மீனை ஐஸ் பெட்டியில்தான் பார்த்தேன்.

படகுக்காரருக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியலில் என் விபரத்தையும் நீரே நிரப்பினீர். கவுன்சில் கடிதம் முதல் ஆஸ்பத்திரிக் கடிதம் வரை எல்லாம் அப்படித்தானே. என் குறை உமக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். "இன்னும் எத்தினை வருசம் மறப்பீர்?" என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டீர். சிரித்துச் சமாளித்தேன்.

படகில் நீர் பின்னால் சுக்கான் பிடிப்பீர். நான் முன்னால், தண்ணீருக்கு மேலே இழுத்துக் கட்டிய வலையில் படுத்து, தண்ணீரின் நிறத்தைப் பார்த்து ஆழம் சொல்லுவேன். பாய் காற்றைப் பிடித்ததும் எஞ்சினை நிறுத்திவிடுவீர். பின்னேரம் சோற்றுக்கு முன், அன்று எழுதிய பக்கத்தை நீர் இந்த நீலக் கொப்பியிலிருந்து வாசிப்பீர்.

நாலாம் நாள் அந்தச் சின்னக் குடாவுக்குள் போனோம். கரையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டீர். பாறையில் மஞ்சள் பலகை இருந்தது. அதில் நாலைந்து வரி எழுத்தும் இருந்தது. எல்லோரும் பக்கத்தில் நங்கூரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பலகை இருக்கிறது என்றால் என்னைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். "ஒண்டுமில்லை, போடும்," என்றேன். நங்கூரம் இறங்கியது.

அரை மணித்தியாலத்தில் துறைமுகக் காவலர் படகு வந்தது. கடலடியில் மின்கம்பி போகிறதாம், நங்கூரம் போடக்கூடாத இடமாம், பலகையில் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறதாம். பலகை என் தலைக்கு நேரே நின்றது. எங்களோடு வந்த கடைக்கார நண்பர் விடவில்லை: "கடலிலை பிறந்த கண் எண்டீங்கள், கதவளவு பலகை தெரியேல்லையோ அண்ணை?" குருடன் என்று நினைக்கட்டும் என்று கண்ணைக் கசக்கினேன். நீர் காவலரிடம், "பிழை என்னுடையது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டீர்.

அன்று பின்னேரம் நீர் எழுதியதைக் கண்டேன். ஆனால் நீர் அதை வாசிக்கவில்லை. "இண்டைக்கு ஒண்டுமில்லை, சோத்தைப் போடுங்கோ," என்றீர். என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர் என்று நினைத்தேன். கேட்கத் துணிவில்லை. அடுத்த வருடமும் போவோம், அப்போது கேட்கலாம் என்றிருந்தேன். நீர் அதற்கு நிற்கவில்லை.

இன்று அந்தப் பக்கத்தை விரலை வைத்து வாசித்தேன். "நாலாம் நாள். கரையில் பலகை இருந்தது. நான் கவனிக்கவில்லை. படகு என் பொறுப்பு. நண்பர் வைத்த மீன்குழம்பு நல்ல ருசி. காற்று குறைவு." அவ்வளவுதான். குழம்பு வைத்த நண்பர் நான். உமது கொப்பியிலும் என்னைக் காப்பாற்றி வைத்திருக்கிறீர். உமது குரலில் அந்த வரிகளைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

பிறகு பேனாவை எடுத்து, கோணாமல், கீழே எழுதினேன். "பலகையைக் கண்டவன் நான். வாசிக்கத் தெரியாததால் ஒன்றுமில்லை என்றேன்." அதன் கீழ் என் பெயரை முழுதாக எழுதினேன்.

சனிக்கிழமை மற்ற மூவரும் ரெய்னர்ஸ் லேனுக்கு வருகிறார்கள். கொப்பியைக் கொண்டுபோகிறேன். நீர் வாசிக்காமல் விட்ட பக்கத்தை, என் வரிகளோடு சேர்த்து, நானே வாசிக்கப்போகிறேன். கண்ணாடியை இப்போதே சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.